பார்க்காமல் எழுதிய ஒரு வரி: கரீமுல்லா சார் நினைவாக

கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல், முசரவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். "முழுங்கக் கூடாது, நல்லா மென்னு தின்னுங்க" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கரீமுல்லா சாரின் மகள் நஸ்ரின்.

"ஆன்ட்டி, அப்பா மௌத்தாயிட்டாரு. டீ குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றாள். இன்னும் இரண்டு வகுப்புகள் இருந்தன. அவற்றையும் முடித்த பிறகுதான் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றிருந்தால் அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுக்கு அக்கரையில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் ஆய்வகப் பணியாளர். ரத்தம், சளி, சிறுநீர், மலம் எது வந்தாலும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. தகப்பனார் காஞ்சிபுரத்தில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக அரசு வேலைக்கு வந்தவர் இவர். அதே நிலையத்தில் நான் கிராம செவிலியராக இருந்தேன். சனங்கள் அவரை "பாய் டாக்டரு" என்பார்கள். "நான் டாக்டரு இல்லப்பா, கண்ணாடியில பாக்கறவன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

அவருடைய பொறுமையைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். நான் முதலில் அறிந்த கரீமுல்லா சார் பொறுமைசாலி அல்லர். வேகக்காரர். ஒரு மணிக்குள் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில் அவருக்குப் பெருமை. மருத்துவர்களும் அதைத்தான் பாராட்டினார்கள். நானும் பாராட்டியவள்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், என் பொறுப்பில் இருந்த ஊரின் காலனியிலிருந்து கன்னியம்மா என்ற பெண்ணை அழைத்து வந்தேன். ஐந்து மாதக் கர்ப்பிணி. கழனி வேலைக்குப் போகிறவள். நாக்கும் நகமும் வெளுத்திருந்தன. செங்கல் தூளைத் தின்னத் தோன்றுகிறது என்றாள். ரத்தம் பார்த்ததில் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. மலப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். மறுநாள் அவள் ஒரு பவுடர் டப்பாவில் கொண்டுவந்து, வெட்கத்தோடு முந்தானையால் மூடி, ஆய்வக சன்னலில் வைத்துவிட்டுப் போனாள். முடிவு வந்தது: புழு முட்டை காணப்படவில்லை.

அப்படியானால் நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவள் தின்னவில்லை என்றுதானே பொருள்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் திட்டினேன். "சத்தியமா தின்றேன் நர்ஸம்மா" என்பாள். நான் நம்பியதில்லை.

எட்டாம் மாதத்தில் மூச்சு வாங்கி, கால் வீங்கி, காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. அங்கே எடுத்த பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள் ஏராளமாக இருந்தன. அந்தச் சீட்டைக் கொண்டுவந்து சார் மேசையில் வைத்தேன்.

வாசித்தார். பழைய பதிவேட்டை எடுத்து அந்த நாளைத் தேடினார். விரலை ஒரு வரியில் வைத்து நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் பாக்கல சிஸ்டர்."

"சரியா தெரிஞ்சிருக்காது சார். சில நேரம் அப்படி ஆவும்..."

"இல்ல. பாக்கவே இல்ல. பதினோரு டப்பா வந்தது. நாலு பாத்தேன், ஒண்ணும் இல்ல. மிச்ச ஏழுக்கும் அதையே எழுதிட்டேன். இந்த அம்மாது ஏழுல ஒண்ணு."

அன்று மதியமே கன்னியம்மா வீட்டுக்குத் தன்னை அழைத்துப் போகச் சொன்னார். நான் தடுத்தேன். "ஊரே அடிக்க வரும் சார். வேலையும் போயிடும். நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னது உண்மை. அவர் சைக்கிளை எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

கன்னியம்மா வாசலில் பாய் விரித்துச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். கணவர் ஏழுமலை கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள், சார் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. பார்க்காமல் எழுதியதை, அன்றே பார்த்து மருந்து கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதை.

ஏழுமலை எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். சார் கையைத் தூக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை.

"உடு" என்றாள் கன்னியம்மா. "அவர அடிச்சா பாப்பா வந்துருமா?" பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தப் புழு எனக்கு எப்பிடி வந்திச்சி? அதச் சொல்லு மொதல்ல."

எத்தனையோ முறை அந்த வாசலில் நின்ற நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. சார் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். புழு உள்ளவர் மலத்தில் முட்டை இருக்கும், ஈர மண்ணில் அது பொரிக்கும், கண்ணுக்குத் தெரியாத குஞ்சு வெறுங்காலில் தோல் வழியாக ஏறும், உள்ளே போய்க் குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும் என்று விளக்கினார்.

"செருப்பு போட்டுக்கினு சேத்துல எப்பிடி நடக்கறது?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாங்க எல்லாருமே அந்தச் சவுக்குத் தோப்புக்குத்தான் போறோம். ஒரே எடம். அப்போ எம் பொண்ணுக்கும் இருக்குமே?" என்றாள்.

இருந்தது. ஆறு வயதுப் பெண். அவளுடைய பரிசோதனையைச் சார் செய்தபோது கன்னியம்மாவும் ஆய்வகத்துக்கு வந்து, தனக்கும் காட்ட வேண்டும் என்று நின்றாள். நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். முட்டை வடிவில், கண்ணாடிபோல் மெல்லிய ஓடு, நடுவில் நான்கு உருண்டைகள்.

"பாக்க அழகாக்கீது" என்றாள். கண்ணை எடுக்காமலே, "இதா எம் புள்ளையத் தின்னுச்சி?" என்றாள்.

அன்று சார் அழுததை நான் பார்த்தேன்.

தன் தவற்றை அவர் மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்தார். மெமோ வந்தது, விசாரணை வந்தது, பதவி உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் மேசை ஒரு மணிக்கு ஒருநாளும் காலியானதில்லை. எல்லோரும் போன பிறகும் அவர் கண் நுண்ணோக்கியில் இருக்கும். "சீக்கிரம் சார்" என்று புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் அவசரப்படுத்தியபோது, "பாத்த பிறகுதான் எழுதுவேன் டாக்டர்" என்றார், அவ்வளவுதான்.

காலனியில் எல்லா வீட்டு மலத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். வீடுவீடாக டப்பாவைக் கொடுத்துத் திரும்ப வாங்கியவள் கன்னியம்மாதான். "இதப் பாக்காம உட்டுத்தான் நான் ஒரு புள்ளைய மண்ணுல வெச்சிட்டு வந்தேன். குடு" என்பாள். யாரும் மறுக்கவில்லை. பாதி வீடுகளுக்கு மேல் புழு இருந்தது. மருந்து கொடுத்தோம், வெளுப்பு குறைந்தது. ஆறேழு மாதத்தில் மறுபடி பார்த்தால் பலருக்குத் திரும்ப வந்திருந்தது. எனக்குச் சலித்துப்போனது. அவர் சொன்னார்: "மாத்திரை குடல்ல இருக்குற புழுவத்தான் கொல்லும் சிஸ்டர். தோப்பு மண்ணுக்கு யாரு மாத்திரை குடுக்கறது?"

கழிப்பறை கேட்டு அந்தப் பெண்கள் நடையாய் நடந்தார்கள். பஞ்சாயத்தில் கட்டிக் கொடுத்தார்கள், தண்ணீர் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அதில் விறகு அடுக்கியிருந்தது. கிராம சபையில் தண்ணீர்க் குழாய் பற்றிச் சார் பேச எழுந்தபோது பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "எங்க ஊரு பீயில உனக்கு என்னா வேலை பாய்?"

கூட்டம் சிரித்தது. சார் அது அடங்கும்வரை நின்றார்.

"அதான்பா என் வேலை. அத ஒழுங்கா பாக்காம உட்டதால இந்த ஊருல ஒரு கொழந்த செத்துப் பொறந்துச்சி. அந்தம்மா அதோ உக்காந்துக்கினு இருக்காங்க. இன்னொருவாட்டி அந்தத் தப்ப நான் பண்ண மாட்டேன். அதனால தண்ணி வர்ற வரைக்கும் நானும் வருவேன்."

ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். குழாய் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. வந்த பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. வயதானவர்கள் தோப்பைத்தான் நாடினார்கள். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அவர் நுண்ணோக்கியில் அந்த முட்டைகள் குறைந்தன. ஒருநாள் காலனியிலிருந்து வந்த அத்தனை டப்பாக்களையும் பார்த்து முடித்து, இரண்டாம் முறையும் பார்த்து, "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றார். நான் மகிழ்ந்தேன். அவர் மறுநாள் அதே வீடுகளில் மூன்றிலிருந்து மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பணி ஓய்வு விழாவில் எல்லோரும் புகழ்ந்தோம். மாலையைக் கழற்றிவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "நான் போன பிறகும் இப்படித்தான் பேசுவாங்க. அப்போ அந்த ஏழு டப்பாவையும் சேத்துச் சொல்லிடுங்க சிஸ்டர். இல்லன்னா அது என்னப் பத்தின பேச்சே இல்ல" என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி எழுதியிருக்கிறேன்.

செவ்வாய் மாலை அவர் வீட்டுத் தெருவில் கூட்டம் நின்றது. கன்னியம்மா மகளோடு வந்திருந்தாள். மகள் இப்போது ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், பாதி நாள் விடுப்பு எடுத்து வந்தாளாம். உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றவர்களைச் சாரின் மனைவி கைப்பிடித்து அழைத்துப்போனார். முகம் பார்த்துவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள் கன்னியம்மா.

"அவரு அன்னிக்கு வந்து சொல்லாம போயிருந்தா, நான்தான் ஒழுங்கா மாத்திர துன்னல, நானேதான் புள்ளையக் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினே செத்திருப்பேன் நர்ஸம்மா" என்றாள்.

அப்படி அவளை நினைக்க வைத்தவள் நான். அவரோடு அன்று அந்த வாசலுக்குப் போயும், என் பங்கை நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் சொல்லவில்லை.

"அப்பிடிச் சொல்லித் திட்டினது நானு, கன்னியம்மா. நீ சத்தியம் பண்ணியும் நம்பல. தப்பு என்னுது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முழங்கை மேல் கையை வைத்தாள். எடுக்கவும் இல்லை.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அடக்கத்தலத்துக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலில் நின்றோம். சில அடிகளுக்கு ஒருமுறை தோள் மாறிக்கொண்டே இருந்தது. எதிரே வந்த டவுன் பஸ் ஓரமாக நின்று வழிவிட்டது. பச்சைத் துணி போர்த்திய பெட்டி, தலைகளுக்கு மேலே மிதப்பதுபோல் போய், தெரு முனையில் திரும்பி மறைந்தது.

போய் வாருங்கள் சார். நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். ஒரு வரியையும் பார்க்காமல் எழுதவில்லை.