முயல் ஏறிய போர்க்கப்பல்

பிரான்சின் துலோன் துறைமுகத்தில் காஸ்தினெல் வாய் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் போர்க்கப்பல்களின் மருந்தறைகளைக் காத்த மனிதர். வெடிமருந்து பழசாகிக் கெட்டால் சூட்டில் தானாகவே வெடிக்கும்; கெடத் தொடங்கும்போதே ஒரு புளித்த நெடி வரும். அதைக் கதவுக்கு வெளியில் நின்றே பிடித்துவிடுவார்.

'கோன்ஸ்தான்ஸ்' கப்பலில் கால் வைத்த அன்றே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. காகிதத்திலிருந்து கடலுக்கு வர அந்தக் கப்பலுக்கு எட்டு வருடம் பிடித்தது. அதற்குள் இங்கிலீஷ்காரன் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டி மிதக்கவிட்டுவிட்டான். அது போகட்டும். நான்கு வெவ்வேறு அளவுப் பீரங்கிகளைத் திணித்ததில் இடம் போதாமல், ஒரு மருந்தறையை மின்சார எந்திர அறையின் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். வரைந்த புண்ணியவான் அந்தச் சுவரை ஒரு நாளாவது தொட்டுப் பார்த்திருப்பானா?

ஜூலையில் அறைக்குள் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டியது. நெடியும் வந்தது. பெட்டியொன்றில் ஒட்டியிருந்த புதுத் தேதிச் சீட்டை நகத்தால் சுரண்டினார் காஸ்தினெல். அடியில் இன்னொரு சீட்டு. அதில் ஏழு வருடம் முந்தைய தேதி. அதற்குப் பிறகு அவர் எந்தச் சீட்டையும் நம்பவில்லை, ஒட்டிய எவனையும் நம்பவில்லை.

கப்பல் தலைவரிடம் மூன்று முறை முறையிட்டார். அவர் பாரிஸில் படித்தவர், பொறுமைசாலி.

"சீட்டு புது மருந்துன்னு சொல்லுது. உன் மூக்கு இல்லேங்குது. நான் எதைய்யா மேலிடத்துக்கு எழுதறது?"

மாலுமிகளோ காஸ்தினெலைத்தான் சந்தேகித்தார்கள். அவர் மனைவி ஃபிலொமேன் வீட்டில் முயல் வளர்த்தாள். பிரெஞ்சுக் கப்பலில் அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லவே கூடாது, சொன்னால் கப்பலுக்கே கேடு என்று நம்பிக்கை. சொல்லித் தீரவேண்டுமானால் 'நீளக்காது' என்பார்கள். இவர் சட்டையிலோ வெள்ளை ரோமம். சாப்பாட்டு மேசையில் அவருக்கு இருபுறமும் காலியாகவே கிடந்தது.

வியாழக்கிழமை சுடும் பயிற்சிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். கப்பலில் எழுநூறு பேர். புதன் காலையில் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். அவள் முயல்களுக்குக் கீரை போட்டுக்கொண்டே கேட்டாள்:

"மருந்துக்கு அவங்க பயப்படலேல்ல? எதுக்குப் பயப்படுவாங்களோ அதக் காட்டுங்களேன்."

அன்று மதியம் எல்லாரும் அவரைக்கொட்டைச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது காஸ்தினெல் எழுந்து நின்றார்.

"மருந்தறைக்குள்ள முயல் பூந்திருச்சு," என்றார்.

கரண்டிகள் நின்றன. மூத்த பீரங்கிக்காரன் லெ கோஃப், சகுனம் பார்க்கும் மேற்குக் கடற்கரைப் பிரெத்தோன்காரன், அவர் வாயைப் பொத்த வந்தான். நாலு பேர் கீழே ஓடிப் பார்த்தார்கள். கதவருகே ஒரு கைப்பிடி புழுக்கை. காலையில் சட்டைப்பையில் போட்டு வந்ததைத்தான் காஸ்தினெல் அங்கே தூவியிருந்தார்.

அதன்பின் கொதிகலனுக்குக் கரி அள்ள ஒருவனும் அசையவில்லை. தலைவர் கத்தினார், மிரட்டினார், கடைசியில் அறையைக் காலிசெய்து அந்தச் சனியனைத் தேடச் சொன்னார். பெட்டிகள் எல்லாம் ஒரு படகில் ஏறி, வெளித்துறையில் தனியே கட்டப்பட்டன. முயல் தொட்ட சரக்குக்குக் காவல் இருக்க யாரும் ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படகு தானாகவே வெடித்தது. ஊரில் கண்ணாடி ஜன்னல்கள் நொறுங்கின. ஓர் ஆளுக்குக்கூடக் கீறல் இல்லை.

இனியாவது மருந்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று காஸ்தினெல் நம்பினார், பாவம். லெ கோஃப் அவர் முகத்துக்கு நேரே சொன்னான்:

"பாத்தியாய்யா? நல்ல மருந்து. நீளக்காது மோந்ததுல கெட்டுப்போச்சு."

விசாரணை அறிக்கையும் சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கப்பலில் தடைசெய்யப்பட்ட பிராணியைக் கொண்டுவந்ததாகக் காஸ்தினெலை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த அநியாயம் சாகும்வரை அவர் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

பிறகு பதினோரு வருடம் அதே ஊரில் இருந்தார். சந்தைக்குப் போகும்போது 'கோன்ஸ்தான்ஸ்' ஆட்கள் எதிர்ப்பட்டால் கெட்ட சகுனம் ஒட்டாமலிருக்க விரலை மடக்கிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். காஸ்தினெல் நின்று, அந்த எழுநூறு பேரில் உயிரோடு போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பார்.