பன்னிரண்டாவது ஆளின் கால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் காட்டூரில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர். ஞாயிறுதோறும் இலங்கை அகதிகள் முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பைபிள் கதையும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுப்பேன். அதனால்தான் எங்கள் மாதா கோயில் செக்ரட்டரி போன வருஷம் எனக்கு ஃபோன் பண்ணினார். "டீச்சர், பெரிய வியாழனுக்கு முகாம்லேருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. ஃபாதர் அவங்க காலைக் கழுவட்டும்."

இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துச் செய்யும் சடங்கு அது. நானும் பூரித்துப்போனேன். உடனே அடுத்தது வந்தது: "எல்லாரையும் காலை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. போட்டோ எடுப்பாங்க."

கழுவுவதற்கே கழுவிவிட்டு வரவேண்டுமாம். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை, நானே முகாமில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் விடவில்லை.

பன்னிரண்டாவதாக உட்கார்ந்தவர் ஒரு பெயிண்டர். சின்ன வயதில் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். கால் நகத்திலும் குதிகாலிலும் ஏறிய பெயிண்டைப் போக்க மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, குதிகாலில் தோலே உரிந்திருந்தது. ஃபாதர் குனிந்ததும் பெயிண்டர் அந்த வாடையை நினைத்துக் கூசிக் காலை இழுத்துக்கொண்டார். "ஆடாதீங்க, போட்டோ" என்றார் செக்ரட்டரி.

நான்கு மாதம் கழித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த வீட்டின் சொந்தக்காரர், நெற்றி நிறைய நாமம் போட்ட பெரியவர், வண்டி பிடித்து உடலோடு முகாம் வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். "பத்து நாளா எங்காத்து மனுஷராட்டம் இருந்தார். எது வேணும்னாலும் சொல்லுங்கோ" என்றார். எங்கள் கோயிலிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டுச் செக்ரட்டரிக்கு ஃபோன் பண்ணினேன்.

"அவங்ககிட்ட நம்ம பங்குக் கோயில் குடும்ப அட்டை இல்லையே டீச்சர். சொந்த ஊர்ப் பங்குக் கோயில்லேருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, பார்க்கலாம்."

இதைப் பெயிண்டரின் மனைவியிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னேன்.

"எங்கட கோயில் சண்டையில இடிஞ்சு போச்சு டீச்சர். கடிதத்துக்கு ஆரிட்டப் போறது?" என்றாள். "எங்க செத்தாலும் கோயில் மண்ணில வையுங்கோ எண்டுதான் அவர் கேட்டவர். வேற ஒண்டும் கேக்கேல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலைக் கழுவ அட்டை கேட்கவில்லை. போட்டோவுக்கு உட்கார வைக்க லெட்டர் கேட்கவில்லை. ஆறடி மண்ணுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது ரூல்ஸ்? அந்நியரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்கிறோமே, அது யாருக்காம்?

என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பக்கத்து இடம் எனக்கென்று எழுதி வைத்தது. ஆட்டோ பிடித்து நேரே செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன்.

"என் இடத்துல அவரை வைங்க."

"டீச்சர், அது உங்களுக்கு…"

"ஆமா, என் இடம்தான். யாரை வைக்கணும்னு நான் சொல்றேன். குழி வெட்டற ஆளை வரச் சொல்லுங்க."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குத்தான் அட்டை இருக்கே. எங்கயாவது குடுக்க மாட்டீங்களா?"

அவர் குழி வெட்டுகிற ஆளுக்கு ஃபோன் போட்டார். மறுநாள் அடக்கம் நடந்தது. பெட்டியை மூடுமுன் பெயிண்டரின் காலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டை அவர் மனைவியும் நானும் வெந்நீரில் கழுவினோம். மண்ணெண்ணெய் போடவில்லை.

இந்த வருஷம், பெரிய வியாழன் நெருங்கும் தவக்காலத்தில் செக்ரட்டரி மறுபடி கூப்பிட்டார். "போன வருஷம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க டீச்சர். அதே பன்னிரண்டு பேரையே கூட்டிட்டு வந்துடுங்க."

அதே பன்னிரண்டு பேராம். மறந்தே போயிருக்கிறார் மனுஷன்.

"பதினோரு பேரைக் கூட்டிட்டு வரேன்" என்றேன். "பன்னிரண்டாவது ஆள் எங்க வீட்டுக்காரர் பக்கத்துல படுத்திருக்கார். தண்ணியும் துண்டும் எடுத்துக்கிட்டு நீங்கதான் அங்க போகணும். காலைக் கழுவிட்டு வரச் சொல்லணுமேன்னு கவலைப்படாதீங்க. அதை நாங்க கழுவியாச்சு."