மூடி வைத்த குழிகள்

புழுக்காரி என்றால் எங்கள் கழிமுகத்தில் தெரியாதவர்கள் இல்லை. தூண்டில் சாமான் விற்கும் என் கடைக்குத் தினமும் புழு கொடுத்தவள் அவள்தான். மெல்லிய சிவப்புப் புழு தூண்டிலில் கோக்க, அதில் சில்லறைதான் தேறும். விரல் தடிமன் வெள்ளைப் புழு சாப்பிட. குடலை உருவி, மணல் போகக் கழுவி, எண்ணெயில் பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும். முகத்தைச் சுளிக்காதீர்கள், ஒருமுறை தின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அந்த வெள்ளைப் புழு ஓரிடத்தில்தான் கிடைக்கும். ஒரு பாறைக்குப் பின்னால், தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் சேற்றுத் திட்டு. அதை அவள் ஒருத்திக்கு மட்டும் காட்டியிருந்தாள், தன் தங்கைக்கு. அம்மா போனபின் அந்தத் திட்டை நம்பித்தான் தங்கையை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்து கொடுத்தாள். தனக்கென்று ஒரு வாழ்க்கையா? அட போங்கள், அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் ஏது!

"தோண்டின குழிய மூடிட்டுதான்டி வரணும். இல்லன்னா குட்டிப் புழு வெயில்ல செத்துடும்" என்று தங்கைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். மற்றவர்கள் எங்கே மூடுகிறார்கள்? தோண்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

போன மழைக்காலம் முடிந்ததும் வெள்ளைப் புழு குறைந்தது. பிறகு அறவே இல்லை. எவனோ கை வைத்துவிட்டான் என்று நான் ஊரையே ஏசித் தீர்த்தேன்.

"நீயே வந்து பாரு" என்று புழுக்காரி என்னைத் திட்டுக்குக் கூட்டிப் போனாள்.

எங்கு பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாக இருந்தது. அடிச்சேறு மேலே வந்தால்தான் அந்த நிறம். ஆனால் ஒரு குழிகூடத் திறந்து கிடக்கவில்லை. எல்லாவற்றையும் மூடி, குதிகாலால் அமுக்கி விட்டிருந்தார்கள். அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படி மூட என் தங்கச்சிக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

தங்கை நகரத்தில் புதிதாக ஓட்டல் திறந்திருந்தாள். நேரே அங்கே போனோம். மேசைக்கு மேசை பொரித்த புழு, அதுவும் கண்ணாடித் தட்டில்!

"ஏன்டி, கேட்டிருந்தா நானே தோண்டிக் கொடுத்திருப்பேனே? குழிய மூடினியே, குட்டியையாவது விட்டியா? இனி நான் எதை வச்சுப் பொழைப்பேன்?"

தங்கை சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவா பேசுக்கா. உன்கிட்ட புழு கேட்டா நீ இங்க வந்து நிப்ப. நீ யாருன்னு இவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? பாத்திரம் கழுவ ஆள் வேணும். வர்றதுன்னா பின்பக்கமா வா. என் அக்கான்னு மட்டும் சொல்லிக்காத."

நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். புழுக்காரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரிங்க முதலாளி" என்றாள் தங்கையிடம். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள்.

அந்த வேலைக்கு அவள் போகவில்லை. இப்போது மீன் சந்தையில் செதில் சீவுகிறாள். நேற்று நான் மீன் வாங்கப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளிடம் பேச்சுவாக்கில் கேட்டாள், "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, அக்கா?"

"நான் ஒத்தையாத்தான் பொறந்தேன்" என்றாள்.