கடிகாரக்காரர் வீட்டம்மா

தீயணைப்பு வண்டி ஓட்டுபவன் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது விதி. துணிக்கடை எரிந்த அன்று, இரண்டாம் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அலறியபோது அவன் நகர்ந்துவிட்டான். அவளையும் இன்னும் மூன்று பேரையும் கீழே இறக்கினான். ஐந்தாவது ஆளுக்காக ஏறியவன் திரும்பவில்லை. மனைவி கையில் கொடுக்க எதுவும் மிஞ்சவும் இல்லை.

வியாபாரிகள் சங்கம் கடைவீதி நடுவே இரும்புத் தூண் நட்டு, நான்கு பக்கமும் மணி காட்டும் கடிகாரம் வைத்தது. தூணில் பித்தளைத் தகட்டில் அவன் பெயர். துணிக்கடை முதலாளி ஒரு படி மேலே போய், திரும்பக் கட்டிய கடையில் அவன் மனைவிக்கு வேலையும் போட்டுக் கொடுத்தார். முதல் மாடியில், வாங்கிய பேன்ட்டை அளவுக்குக் குறைத்துத் தைக்கும் மெஷின். தலையை நிமிர்த்தினால் எதிரே கடிகாரம்.

முதல் வாரமே வேறு இடம் கேட்டாள். வெளிச்சம் இங்கேதான் நன்றாக விழும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கால் மணிக்கொரு தரம் அது அடிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிடுவாள். வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகம் புதைத்து அழுவாள். நாலு வயது மகள் முதுகைத் தட்டிக்கொடுப்பாள்.

வருஷம் ஆக ஆகக் கண்ணீர் வற்றியது. கடிகாரம் மெதுவாக ஓடும் நாட்களில் கவுன்ட்டர் பெண்கள், "அக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு பத்து நிமிஷம் லேட்டு" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அந்தச் சாக்கிலாவது அவன் பேச்சு வந்ததே.

பத்தொன்பதாவது வருஷம் பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். மகன் பொறுப்புக்கு வந்த மறு மாதம் கடைச் செலவில் தூணுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். மதியம் அவள் நிமிர்ந்து பார்த்தபோது தகடு இருந்த இடத்தில் கடையின் பெயர் விளக்குப் போட்டு மின்னியது.

கத்திரிக்கோலைக் கையில் வைத்தபடியே முதலாளி அறைக்குப் போனாள். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"கறுத்துப் போயிருந்துச்சும்மா. எழுத்தே தெரியல. யாரு படிக்கிறாங்க இப்போ?"

"நான் படிப்பேங்க" என்றாள்.

அவர் சங்கடப்பட்டு, ஆளை விட்டு விசாரித்தார். தகடு பழைய இரும்போடு போயிருந்தது. அவளே காயலான் கடைக்கு ஓடினாள். காலையிலேயே லாரி ஏறிவிட்டது, இந்நேரம் உருக்கியிருப்பார்கள் என்று அங்கிருந்தவன் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

திரும்பி வந்து படிக்கட்டில் நின்று மகளுக்கு போன் செய்தாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது இருந்தப்போ அதைப் பாத்து அழுதே. இப்போ இல்லைன்னு அழறே. நான் என்னம்மா பண்ணட்டும்?"

அவள் படியில் உட்கார்ந்தாள். அப்பா முகம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள். தனக்கே அது சரியாக வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வைத்துவிட்டாள்.

மாடியில் ஒருவர் பேன்ட்டுக்காகக் காத்திருந்தார். அளந்து வெட்டினாள். இரண்டு அங்குலம் கூடுதலாகப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை.

மேனேஜர் திட்டவில்லை. "வயசாகுதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பேன்ட்டை எடுத்து வைத்தார்.