இரண்டாவது கோல் காப்பாளரின் தாய்

ஆகஸ்ட் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஸ்காபரோ அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் நான்கு கதவு தள்ளிக் குடியிருக்கும் பெண் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு மடிக்கணினியும் ஒரு வயரும் இருந்தன. மகன் சேர்ந்திருக்கும் அணியின் ஆட்டம் பத்து மணிக்குத் தொடங்குகிறது, படம் தொலைக்காட்சியில் வரவில்லை என்றார்.

"நீங்கள் பேப்பரில வேலை செய்தனீங்கள்தானே அண்ணை. உதெல்லாம் தெரியும்."

பத்திரிகை வேலைக்கும் வயருக்கும் என்ன தொடர்பென்று நான் கேட்கவில்லை. போய்ப் பொருத்திவிட்டேன். அன்று பாதி ஆட்டம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன், மே மாதம் வரை ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமைகளிலும் அவர் வீட்டுச் சோபாவில் இருந்தேன். அவருடைய கணவர் லொறி ஓட்டுபவர். பாதி வாரம் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இருப்பார். வீட்டில் ஆட்டம் பார்க்க வேறு ஆள் இல்லை.

அணி ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சிற்றூருடையது. அந்த நாட்டு உதைபந்தாட்டத்தின் நான்காவது பிரிவில் பத்து அணிகள் விளையாடுகின்றன. அவற்றில் இது எட்டாவது, ஒன்பதாவது இடங்களில் உலவும் அணி. வீரர்கள் எல்லாருக்கும் வாரநாட்களில் வேறு வேலை உண்டு. அணித்தலைவர் பாடசாலை ஆசிரியர். முதலாவது கோல் காப்பாளர் பார லொறிச் சாரதி. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து வந்து மின்விளக்கின் கீழ் பயிற்சி எடுப்பார்கள். இதையெல்லாம் ஒளிபரப்பின் வர்ணனையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவரும் சம்பளம் இல்லாத ஆள்தான். கமரா ஒன்று, பார்வையாளர் மேடைக் கூரையின் மேல். மழை வந்தால் யாரோ ஏறித் துடைப்பார்கள். அந்தக் கை ஒரு கணம் திரையை மூடும்.

அந்த அணியில் எங்கள் தளத்துப் பையன் இரண்டாவது கோல் காப்பாளர். இருபத்தொரு வயது. லண்டனில் பிறந்து இரண்டு வயதில் கடல் கடந்து இங்கே ஸ்காபரோவுக்கு வந்தவன். அந்தப் பிறப்பினால் கிடைத்த கடவுச்சீட்டோடு போய், பகலில் ஒரு மரக்கடையில் பலகை ஏற்றி இறக்கி, மாலையில் பயிற்சிக்குப் போகிறான். இங்கே மின்னிணைப்பாளர் படிப்புக்கு ஒரு கல்லூரியில் கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தான்.

விமான நிலையத்தில் தாய் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சீசன் முடிவதற்குள் ஒரு ஆட்டமாவது விளையாட வேண்டும். இல்லாவிட்டால் மே மாதம் திரும்பி வந்து படிக்க வேண்டும். மகன் சம்மதித்துக் கைகொடுத்துவிட்டுப் போனான். அந்த நிபந்தனையின் எடை அவனுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. மூன்றாவது சனிக்கிழமை அதை நான்தான் சொல்ல வேண்டி வந்தது. மாற்று வீரர்கள் மூன்று பேர் உள்ளே போய், ஆட்டமும் முடிந்திருந்தது.

"இவனை ஏன் விடேல்லை?"

"கீப்பரை அப்பிடி மாத்த மாட்டினம் தங்கச்சி. அடி கிடி பட்டால், இல்லாட்டிச் சிவப்பு மட்டை காட்டினால்தான்."

"ஒன்பது மாசமும் ஒருத்தனோ?"

"பெரும்பாலும்."

அவர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பதினொரு பேர் ஓடுகினம், ஒருக்கா எண்டாலும் ஒரு இடம் வரும் எண்டு நினைச்சன். கோலுக்கை நிக்கிறவன் ஒருத்தன்தான் எண்டு ஆர் கண்டது?"

அவர் மன்னார்க் கத்தோலிக்கர். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள். அன்று காலைப் பூசைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் பின்நேர வேலைக்குப் போவார். அடுத்த சனிக்கிழமை என்னிடம் சொன்னார்: "அந்தோனியாரிட்டை என்னெண்டு கேக்கிறது அண்ணை? இவன் விளையாட வேணுமெண்டால் மற்றவளின்ர பிள்ளை விழ வேணும். அதைக் கேக்கேலுமே?"

"அப்ப என்ன கேட்டனீங்கள்?"

"அந்த லொறிக்காரப் பிள்ளைக்கு ஒண்டும் ஆகக் கூடாதெண்டு கேட்டன். வேற வழியில்லை."

நான் அதை ஒரு வாரத்துப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் அந்த மெழுகுதிரி கொளுத்தப்பட்டது. முதலாவது கோல் காப்பாளர் யாரோடாவது மோதி விழுந்தால் இவர் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவார். அந்த மனிதர் எழுந்து கையுறையைச் சரிசெய்த பிறகே பின்னால் சாய்வார். நான் அவரைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒருபோதும் வேறொன்றும் இருக்கவில்லை.

யாரும் அடிபடாத நல்ல வழி ஒன்று கிடைக்குமா என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் மகன் காணொளி அழைப்பில் இருந்தபோது திடீரென்று கேட்டார்.

"உங்கட முதலாவது கீப்பர் கலியாணம் கட்டீட்டாரோ?"

"ஏன் அம்மா?"

"கட்டேல்லை எண்டால் ஒரு சனிக்கிழமையாப் பாத்துக் கட்டட்டும்."

"அம்மா, ஹீ ஹாஸ் டூ கிட்ஸ். ப்ளீஸ், ஆரிட்டையும் இப்பிடிக் கேட்டுடாதேங்கோ."

"தம்பிமார் இல்லையோ கட்டுறதுக்கு?"

மகன் சிரித்துக்கொண்டே திரையிலிருந்து முகத்தை விலக்கினான்.

அந்த ஒளிபரப்பில் மகனைப் பார்ப்பது எளிதல்ல. மாற்று வீரர்கள் உட்காரும் வாங்கு கமராவுக்கு நேர் கீழே இருக்கிறது. அது படத்தில் வராது. இடைவேளையில் திரையில் விளம்பர அட்டைதான் நிற்கும். ஆனால் முதற்பாதியில் முப்பதாவது நிமிடமளவில் மாற்று வீரர்கள் உடம்பைச் சூடாக்க எல்லைக்கோட்டோரமாக ஓடுவார்கள். மற்றவர்கள் பாதித் தூரத்தில் திரும்பிவிடுவார்கள். இவன் மட்டும் இடப்பக்க மூலைக் கொடிவரை ஓடி, அங்கே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவான். திரையின் கீழ் இடது மூலையில், விரல்நகம் அளவு உருவம். கட்டி முடித்ததும் கொடிக்கம்பை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்புவான். தான் சுகமாக இருப்பதாகத் தாய்க்குச் சொல்லும் வழி அது. முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

"கட்டீட்டான்," என்று சொல்லிவிட்டு அவர் போய்த் தேநீருக்குக் கேத்திலைப் போடுவார்.

குளிர்காலம் முழுவதும் இப்படிப் போயிற்று. பனியில் மைதானம் இறுகியோ மழைத்தண்ணீர் தேங்கியோ சில ஆட்டங்கள் தள்ளிப்போயின. தண்ணீர் தேங்கிய காலைகளில் ஊர்க்காரர்கள் கவைமுள்ளுகளோடு வந்து தண்ணீர் வடிய நிலத்தைக் குத்தும் படங்களை அணி வெளியிடும். எழுபது வயது மதிக்கத்தக்கவர்களும் அதில் நிற்பார்கள். பார்வையாளர்கள் சில நூறு பேர். இடைவேளையில் அவர்கள் எழுந்து, தங்கள் அணி அடுத்து எந்தக் கோலை நோக்கி ஆடப்போகிறதோ அந்தப் பக்கத்துக்கு மைதானத்தைச் சுற்றி நடந்து போவார்கள். இரண்டாம் பாதி தொடங்கிப் படம் திரும்பும்போது கடைசி ஆட்கள் இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள்.

"பெருநாள் சுற்றுப்பிரகாரம் மாதிரிப் போகினம்," என்றார் அவர். "அந்தோனியாரின்ர சுருவம் தூக்காததுதான் குறை."

பெப்ரவரிக்குள் அவருக்கு ஓப்சைட் என்னைவிட நன்றாகப் பிடிபட்டுவிட்டது. கோல் உதையை முதலாவது காப்பாளர் எந்தக் காலால் அடிப்பார் என்பதும், முழங்காலில் பட்டி கட்டியிருக்கிறாரா இல்லையா என்பதும் அவருக்குத் தெரியும். மார்ச்சில் இங்கே கடிகாரத்தை முன்தள்ளும் வாரங்களில் ஆட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கும். அங்கே அவர்கள் பிந்தித்தான் மாற்றுவார்கள். முதல் வாரம் நான் மறந்து பத்து மணிக்கே போய் நின்றேன். அவர் இன்னும் தலைக்கு முழுகிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் வந்தபோது ஐந்து ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. கல்லூரியிலிருந்து, செப்டெம்பரில் வருகிறீர்களா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. மகன் அதைத் தாய்க்கு அனுப்பி, கீழே ஒரு வரியும் எழுதியிருந்தான்: "சொன்ன மாதிரி வாறன்." அவர் அதை எனக்குக் காட்டினார். நிபந்தனையைக் கைவிடலாமே என்றேன்.

"கைகுடுத்துப் போட்டான் அண்ணை. நான் விடுறன் எண்டு சொன்னால், பாவம் பாத்து விட்டது எண்டு அவனுக்குத் தெரியும்."

ஜனவரியில் தள்ளிப்போன ஆட்டமொன்றை ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் போட்டார்கள். அங்கே இரவு ஏழே முக்கால், இங்கே பிற்பகல் இரண்டே முக்கால். அவருக்கு மூன்று மணிக்கு வேலை. அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லம். ஆளாளுக்கு ஒரு லொக்கர், உள்ளே போகும்போது கைபேசியை அதில் வைத்துப் பூட்ட வேண்டும்.

அன்று இரண்டு பத்துக்கு பஸ்ஸிலிருந்து அழைத்தார்.

"அண்ணை, இவன் விளையாடுறானாம்."

முதலாவது காப்பாளர் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழியில், பலத்த காற்றென்று பெரிய பாலம் ஒன்றை உயரமான வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். அவர் லொறியோடு அக்கரையில் நின்றார். ஆட்டத்துக்கு வந்துசேர முடியாது.

"அவருக்கு ஒண்டுமில்லையே?" என்று நான் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. லொறிக்கை இருந்து சான்ட்விச் சாப்பிடுறாராம். காத்து, அண்ணை. எனக்குக் காத்தைக் கேக்கத் தோன்றேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமையெல்லே."

"வேலைக்குச் சிக் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி வாங்கோவன்."

"பின்னேரம் ரெண்டே ரெண்டு பேர். நான் போகாட்டி மற்றப் பிள்ளை முப்பது பேரைத் தனியத் தூக்கோணும். அவளுக்கு முதுகு சரியில்லை." பிறகு சொன்னார்: "நீங்கள் பாருங்கோ. அஞ்சு மணிக்கு எனக்கு பிரேக். கூட்டாமல் குறைக்காமல் சொல்லோணும்."

பத்திரிகையில் எழுதிய காலத்தில் பல ஆட்டங்களுக்குக் குறிப்பெடுத்திருக்கிறேன். இதற்கு எடுத்ததைப்போல ஒன்றுக்கும் எடுத்ததில்லை. நாலரை மணிக்குப் பின் ஆட்டம் முடிந்ததும் குறிப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஐந்து மணிக்கு ஊழியர் வாசலில் அவர் நின்றார். நீலச் சீருடை, கையில் திறக்காத சாப்பாட்டுப் பெட்டி. வெளிச்சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்தோம்.

"ஒண்டுக்கு ஒண்டு," என்றேன்.

"அந்த ஒண்டு எப்பிடி விழுந்தது?"

கொப்பியைப் பார்த்து வாசித்தேன். ஏழாவது நிமிடம், மகனின் முதல் உதை, காற்று பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து வெளியே போட்டது. பத்தொன்பதாவது நிமிடம், காலால் ஒரு தடுப்பு. முப்பத்துநான்கில் எதிரணிக்கு மூலை உதை. மகன் கோலை விட்டு வெளியே ஓடிவந்தான், பந்து எட்டவில்லை, வளைந்து நேரே உள்ளே போனது.

"காத்தோ, அவனோ?"

நான் கொப்பியிலிருந்து கண்ணை எடுத்தேன். "காத்துத்தான் வளைச்சது. ஆனா அவன் வெளிக்கிட்டிருக்கக் கூடாது."

"சரி. பிறகு?"

"பிறகு தலைவர் ஓடிவந்து பிடரியில கையை வைச்சு ஏதோ சொன்னவர். அதுக்குப் பிறகு ஒரு பிழையும் இல்லை."

ஐம்பத்திரண்டில் எங்கள் அணி சமன் செய்தது. எழுபத்தொன்றில் எதிரணிக்காரன் தனியாக வந்தான். மகன் விழவில்லை. கடைசிவரை நின்றான். பந்து நெஞ்சில் பட்டுத் தெறித்தது. கடைசி நிமிடத்தில் மீண்டும் ஒரு மூலை உதை, அதே பக்கத்திலிருந்து, அதே காற்றில். மறுபடியும் வெளியே வந்தான். இம்முறை இரண்டு கைகளாலும் பிடித்து, பந்தின் மேல் படுத்துக்கொண்டான்.

"முதல் பிழை விட்ட மாதிரியே வெளியில வந்தவனோ?"

"ஓம். அதே மாதிரித்தான்."

அவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை ஒருமுறை திறந்து மூடினார்.

"சப்பாத்துக் கயிறு கட்டினவனோ?"

நான் அதையும் பார்த்திருந்தேன். முப்பதாவது நிமிடத்துக்கு எதிரே கொப்பியில் ஒரு குறியும் போட்டிருந்தேன். "இல்லை. மூலைப்பக்கம் திரும்பியும் பாக்கேல்லை."

"நல்லது," என்றார். "அவனுக்கு அங்கை வேலை இருந்திருக்கு."

அதற்குள் ஐந்து பதினைந்து ஆகிவிட்டது. சாப்பாட்டைத் திறக்காமலே உள்ளே போனார். கதவு மூடுமுன் திரும்பி, அந்த லொறிக்காரர் பாலம் கடந்துவிட்டாரா என்று மகனிடம் கேட்டுச் சொல்லும்படி சொன்னார்.

அந்த ஞாயிறு மகன் அழைத்தான். இன்னொரு வருடத்துக்கு இருக்கச் சொல்கிறார்கள், ஆனால் மறுபடியும் இரண்டாவது காப்பாளராகத்தான் என்றான். ஒரு ஆட்டம் விளையாடினான், சொல் முடிந்தது, இனி அவன் பாடு என்றார் தாய். கல்லூரிக்கு எழுதுவதா விடுவதா என்பதையும் அவனே பார்க்கட்டும் என்றார். அவன் எழுதினான். செப்டெம்பரில் வரவில்லை என்று.

சீசனின் கடைசிச் சனிக்கிழமை வழக்கம்போல் பத்து மணிக்குப் போனேன். லொறிச் சாரதி கோலில் நின்றார். முப்பதாவது நிமிடம் மகன் மூலைக் கொடிவரை ஓடிக் கயிறு கட்டினான். தாய் கேத்திலைப் போட எழுந்தார். அந்த நேரம் பார்த்து லொறிச் சாரதி ஒரு முன்னணி வீரரோடு மோதி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். திரையின் மூலையில் மகன் பாதிக் கயிற்றோடு நிமிர்ந்து பார்த்தான்.

அவர் கேத்திலைக் கையில் வைத்தபடியே நின்றார். மற்றக் கையால் சிலுவை போட்டார்.

"எழும்பு மோனை," என்றார் திரையைப் பார்த்து. "எழும்பு."

லொறிச் சாரதி எழும்பினார். காலை இருமுறை உதறினார். தாய் குழாயைத் திறந்து கேத்திலில் தண்ணீர் பிடித்தார்.