பத்து இல்லாத சீட்டுக்கட்டு

போன வாரம் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும்போது எங்கள் கம்பெனி வண்டி டோல்கேட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது. பின்சீட்டில் இருந்த இரண்டு பையன்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், லேப்டாப் பையை நடுவில் படுக்க வைத்து ஒரு புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். புதுச் சீட்டுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? முகப்பவுடரையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகக் குழைத்த மாதிரி இருக்கும். "மேடம், ஒரு கை கம்மியா இருக்கு, வாங்க" என்றான் ஒருவன். எனக்கு ஆடத் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. ஆடத்தான் தெரியாதே தவிர, ஒரு கட்டில் என்னென்ன இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதைத் தெரிந்துகொண்ட கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பத்தாவது முடித்துவிட்டு பி.யு.சி. சேர்ந்து காலேஜ் என்று சொல்லிக்கொண்டு திரிய, அப்பா மத்திய அரசு ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்த பாவத்துக்கு நான் மட்டும் சென்ட்ரல் சிலபஸ் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். கணக்குப் பரீட்சையில் தொண்ணூறுக்கு மேல் வந்தால் இன்ஜினியரிங், வராவிட்டால் பி.காம். இது அப்பா போட்ட சட்டம். அவர் சட்டம் போட்டால் அதற்குத் திருத்தம் கிடையாது. நான் வீட்டிலேயே இன்னொரு கணக்குப்பிள்ளை ஆவதற்குப் பிறக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

கால்குலஸ் எனக்குத் தகராறு பண்ணவில்லை. பயிற்சிக்குக் காகிதம் அப்பா கொண்டுவருவார். அவர் எங்கள் சபைக்குச் செக்ரட்டரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முறையைச் சைக்ளோஸ்டைல் செய்து கொடுப்பார்கள் இல்லையா, அதில் மிஞ்சியதெல்லாம் என் மேஜைக்கு வரும். ஒரு பக்கம் பாட்டு நம்பர்கள், மறுபக்கம் என் இன்டெக்ரேஷன். அந்த மை வாசனை கையிலேயே தங்கிவிடும், சாப்பிடும்போது ரசத்தில்கூட மணக்கும். கால்குலஸில் வருகிற மனிதர்கள்மீது எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான். சுவரில் சாய்த்த ஏணி வழுக்கிக்கொண்டே இருக்கும், எந்த வேகத்தில் வழுக்குகிறது என்று கணக்குப் போடுவானே ஒழிய ஒருத்தனும் ஓடிப்போய்ப் பிடிக்க மாட்டான். கூம்பு வடிவத் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நூல் மாதிரி வரும்போது. ஆனாலும் விடை சரியாக வரும். விடை சரியாக வந்துவிட்டால் எல்லாரையும் மன்னித்துவிடலாம்.

ப்ராபபிலிட்டிதான் என் பிராணனை வாங்கியது. தமிழ்ப் புத்தகங்களில் அழகாக நிகழ்தகவு என்கிறார்கள். எங்கள் புத்தகத்தில் அந்தப் பாடத்தைத் திறந்தால் பாதிக்கு மேல் சீட்டுக்கட்டு. நன்றாகக் கலைத்த கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது, இரண்டு எடுக்கப்படுகின்றன, எடுத்ததைத் திரும்ப வைக்கிறார்கள், வைக்கவில்லை, இப்படியே போகும். எங்கள் வீட்டில் சீட்டு, பகடை, லாட்டரி எதுவும் வாசற்படி தாண்டாது. சிலுவைக்குக் கீழே சேவகர்கள் உட்கார்ந்து ஆண்டவர் உடுப்புக்குச் சீட்டுப் போட்டார்களே, அந்த வேலை அது என்பார் அப்பா. பதினேழு வயது வரைக்கும் நான் ஒரு சீட்டைக் கையால் தொட்டதில்லை. இத்தனைக்கும் வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டு நிறைய, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கொன்றாகக் கண்ணை மூடி எடுப்போம். அதையே ராஜா ராணி படம் போட்ட அட்டையில் செய்தால் பாவம். இதைக் கேட்டதற்கு, "அது ஆண்டவர் குடுக்கறது, இது அவனவன் எடுக்கறது" என்று முடித்துவிட்டார்.

புத்தகத்தைச் சொல்லியும் குற்றமில்லை. மொத்தம் ஐம்பத்திரண்டு, நாலு வகை, வகைக்குப் பதின்மூன்று என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். மிச்சம் உலகத்துக்கே தெரியும் என்று விட்டுவிட்டான். இட்லி எப்படி இருக்கும் என்று நாம் யாருக்காவது விளக்குவோமா என்ன.

அப்பாவிடம் போய் நின்றேன். படிக்கத்தானே, ஒரே ஒரு கட்டு வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார். ஆனால் மகள் படிப்புக்கு ஒன்றும் செய்யாமலும் இருக்க முடியவில்லை. சபைக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி எழுதி வைத்துக்கொள், அது சீட்டாகாது, கணக்குதான் என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து வெட்டினோம்.

என்ன எழுதுவது என்று வரும்போதுதான் சிக்கல். கணக்குகளில் அடிபடுகிற பெயர்களைத் தேடி எடுத்தேன். ஏஸ், கிங், க்வீன், ஜாக். நாலு கிடைத்தன.

"பதிமூணுல நாலு போனா?" என்றார் அப்பா.

"ஒம்பது."

"அப்ப ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் நம்பர். டேலி ஆயிடுச்சா?"

ஆகிவிட்டது. கணக்குப் பிரிவுக்காரர் டேலி ஆயிற்று என்று சொன்னால் அதற்கு மேல் யார் பேசுவது? ஏஸ்தான் ஒன்று என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படியாக உலகத்திலேயே பத்து இல்லாத சீட்டுக்கட்டு ஒன்று லிங்கராஜபுரத்தில் தயாரானது.

முழுக்கத் தப்பாக வந்திருந்தால் சீக்கிரம் பிடித்திருப்பேன். பாதிக்கு மேல் சரியாக வந்தது, அதுதான் கொடுமை. ராஜா வர வாய்ப்பு என்ன, இரண்டும் ராணியாக இருக்க வாய்ப்பு என்ன, எல்லாம் புத்தக விடையோடு ஒட்டும். இரட்டைப்படை எண் வர வாய்ப்பு என்ன என்று கேட்டால் எனக்குப் பதின்மூன்றில் நான்கு வரும், புத்தகத்தில் ஐந்து இருக்கும். வழிமுறை தப்போ என்று தலைகீழாக நின்று போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஸாரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே பார்த்துவிட்டு, "மெத்தட் எல்லாம் கரெக்ட்மா. எண்ணுறப்போ ஒண்ணை விட்டுட்ட. கேர்லெஸ்" என்று சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தார். இரண்டு, நாலு, ஆறு, எட்டு. விரல் விட்டு எண்ணினேன். எங்கே விட்டேன்? அன்றைக்கு ராத்திரி எனக்குக் கணக்கே வராது, பி.காம்.தான் என் தலையெழுத்து என்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதில் என் அகம்பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கணக்கில் நேராகவே 'பத்து' என்று இருந்தது. எங்கள் கைடில் பக்கத்துக்கு ஓர் அச்சுப்பிழை இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று பேனாவால் அடித்து மேலே ஒன்பது என்று திருத்தினேன், அச்சகத்துக்காரனைத் திட்டிக்கொண்டே.

பரீட்சை லீவு விட்ட பிறகு நூலகத்திலிருந்து வேறொரு புத்தகம் எடுத்து வந்தேன். அதிலும் பத்து இருந்தது. இரண்டு புத்தகத்தில் ஒரே பிழை வராது. துண்டுகளை அள்ளிக்கொண்டு அப்பா முன்னால் கொட்டினேன்.

"பத்து இருக்குப்பா. நாம செஞ்சது எல்லாமே தப்பு."

"பத்து வந்தா பதினாலாயிடுதே. எது இல்லே அப்ப?"

"எனக்கெப்படி தெரியும்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்து வெட்டிருக்கோம்."

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படியிலிருந்து, "யாரையாவது கேட்டாத்தான் என்ன" என்றாள். யாரைக் கேட்பது? எங்கள் தெருவில் வரிசையாக எல்லாம் சபைக்காரர்கள். பள்ளிக்கூடம் மூடிவிட்டது. வீட்டில் போனும் கிடையாது. ஒன்று இல்லையா, ஏஸ் இல்லையா, ஜாக்கே இல்லையா என்று ஊகித்து ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றேன். "தெரியாத எண்ட்ரியை ஊகமா எழுதக் கூடாது" என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் அம்மாவும் நானும் ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனோம். எதிர்ச் சாரியில் ஆட்டோ ஸ்டாண்ட். சவாரி இல்லாத நேரத்தில் டிரைவர்கள் பின்சீட்டில் சீட்டு போடுவார்கள், பார்க்காத மாதிரி கடந்துபோவது எங்கள் சபைக்கார வழக்கம். அங்கே ஓர் ஆட்டோவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் வழுக்கைத் தலையுமாக, அப்பா குனிந்து நின்றார். டிரைவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து இருக்கையின்மேல் பரப்பினார். அப்பா விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் கேக் வாங்கிக்கொண்டிருந்த லில்லி ஆன்ட்டி, சபைப் பொருளாளர் மனைவி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அது உங்க வீட்டுக்காரர் இல்ல?"

"ஆமா. ஏதோ விசாரிக்கிறாரு" என்றாள் அம்மா. ரொட்டிக்குக் கொடுத்த காசில் மீதிச் சில்லறை வாங்க மறந்து நடந்தாள்.

அப்பா வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, ஆபீஸில் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னார். "ஏஸ்தான் ஒண்ணாம். ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் உண்டு. ஹார்ட்டை ஆட்டின்னு சொல்றாங்க. டிரைவர் நல்ல மனுஷன். 'ஆட வந்தீங்களா ஸார்'ன்னாரு. இல்லப்பா, எண்ண வந்தேன்னேன்." மறுபடியும் உட்கார்ந்து வெட்டினோம். அந்த வாரம் நான் போட்ட கணக்கெல்லாம் சரியாக வந்தது. ஒரு வருஷத்து மூச்சை ஒரே நாளில் விட்ட மாதிரி இருந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்து சபையின் வருஷக் கூட்டம். கணக்கு வாசித்து முடித்து, வழக்கம்போல அப்பாவையே மறுபடியும் செக்ரட்டரி என்று சொல்லிக் கைதட்ட வேண்டியதுதான் பாக்கி. பொருளாளர் எழுந்தார்.

"ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. ஆட்டோ ஸ்டாண்டுல சீட்டு ஆடினதா பேசிக்கிறாங்க."

"நான் ஆடலை" என்றார் அப்பா.

"அப்ப அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பாத்துட்டிருந்தேன்."

"எதுக்கு?"

அப்பா மேஜையிலிருந்த நோட்டை மூடினார். பெண்கள் பக்கத்தில் இருந்த நான் எழுந்துவிடப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மடியோடு அழுத்தினாள், வளையல் பதிகிற அளவுக்கு. ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை அவரும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. அந்த வருஷம் பொருளாளரே செக்ரட்டரியும் ஆனார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "என் கணக்குக்குத்தான்னு சொல்ல வேண்டியதுதானேப்பா?"

"சொன்னா, செக்ரட்டரி பொண்ணு வீட்ல சீட்டு வச்சு விளையாடுதுன்னு போயிடும். என் பேரு போனா வேற ஆளு செக்ரட்டரியா வருவான். உன் பேரை எதுக்கு அங்க இழுக்கணும்? போ, போய் படி."

படித்தேன். கோபத்தில் படித்தால் நன்றாகப் படியும் என்று அப்போதுதான் தெரிந்தது. பரீட்சை அன்றைக்குக் கேள்வித்தாளை வாங்கியதும் முதலில் ப்ராபபிலிட்டியைத்தான் தேடினேன். ஒரு பெட்டியில் பல்புகள், அவற்றில் சில பழுது, பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும். மறுபக்கம் திருப்பினேன். பையில் சிவப்புப் பந்து, கறுப்புப் பந்து. அவ்வளவுதான். சீட்டு என்ற வார்த்தையே இல்லை. பேனாவை ஒடித்துப் போடலாமா என்று இருந்தது. ஒடிக்காமல், எல்லாவற்றுக்கும் விடை எழுதிவிட்டு வந்தேன்.

அப்பா ஆபீஸுக்குப் போகாமல் வீட்டு வாசலில் நின்றார். "பத்து வந்துச்சா?"

"சீட்டே வரலப்பா. பல்பு."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்க. "பரவால்ல போ. பத்துன்னு ஒண்ணு இருக்கறது தெரியாமலே செத்திருப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்ணூறுக்கு மேலும் வந்தது, இன்ஜினியரிங்கும் கிடைத்தது. மார்க் ஷீட்டைப் பார்த்த அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை. அவரைத் திரும்பச் செக்ரட்டரியாக யாரும் கேட்கவும் இல்லை. கடைசி வரைக்கும் சபையில் அவர் பின் வரிசையில்தான் உட்கார்ந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

ரோட்டை அகலமாக்கியபோது அந்த ஸ்டாண்ட் போய்விட்டது. அப்பாவும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. என் மகன் இந்த வருஷம் பன்னிரண்டாவது. தெரியாத எதையும் அவன் படுத்துக்கொண்டே போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். அவனுக்கு என்ன தெரியாது என்பது யாருக்கும் தெரிவதில்லை, அவனுக்காக நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதும் இல்லை. சௌகரியம்தான். ஆனால் நிற்க வேண்டி வந்திருந்தால், நாலு பேர் பார்க்க அப்படிப் போய்க் குனிந்து நின்றிருப்பேனா? பிறகு வாயை மூடிக்கொண்டும் இருந்திருப்பேனா? எனக்குத் தெரியவில்லை.