நாற்பத்தேழு சதவீதம்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் ‘வயர்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் அறையைக் கட்டி மேய்க்கிறவருக்குக் கிடைத்த பட்டம் அது. எல்லாம் ஒழுங்காக ஓடினால் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் நினைவில் இருக்காது.

திங்கள் மதியம் எட்டு டிஸ்குகளில் ஒன்று படுத்துவிட்டது. பதினோரு வருட ஸ்கேன் படங்கள் அந்த எட்டில்தான் இருந்தன. ஒன்று போனால் மற்ற ஏழையும் வைத்துப் புது டிஸ்கில் மீட்டு எழுதிவிடலாம். இன்னொன்றும் போனால் எல்லாம் அம்போ. வேறு நகல் கிடையாது. நகல் கேட்டு அவர் எழுதிய மூன்று கடிதங்களும் கண்காணிப்பாளர் மேஜையில் நிம்மதியாகத் தூங்கின.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு மீட்பு தொடங்கியது. பத்து மணிக்கு, நாற்பத்தேழு சதவீதத்தில், டிஸ்குகளோடு பேசும் டிரைவர் மென்பொருள் மயக்கம் போட்டு விழுந்தது. புதன்கிழமையும் அதே கதை. கேபிளை மாற்றினார், டிஸ்கை மாற்றினார். வியாழனும் பத்து மணிக்கே விழுந்தது. போதாக்குறைக்கு இன்னொரு டிஸ்கிலும் சிவப்பு விளக்கு மினுங்கியது. அதுவும் போகப்போகிறது என்ற எச்சரிக்கை.

பத்து மணிக்கு அப்படி என்னதான் நடக்கிறது? எக்ஸ்ரே பிரிவுக்குப் போய்ப் பார்த்தார். குமாஸ்தா அம்மா படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

“சுற்றறிக்கை வந்திருக்கே, உங்களுக்குத் தெரியாதா? டிஸ்க் பழுதாயிடுச்சாம். தினம் பத்து மணிக்கு எல்லாப் படத்தையும் திறந்து பாத்து, பத்திரமா இருக்குன்னு கையெழுத்துப் போடணும்.”

மொத்தம் இருபத்தாறு பிரிவுகள். கம்ப்யூட்டர் அறை ஒரு பிரிவே இல்லை என்பதால் அவருக்கு மட்டும் அனுப்பவில்லை.

கண்காணிப்பாளரிடம் ஓடினார். “சார், எல்லாரும் ஒரே நேரத்துல திறந்தா டிஸ்க் தாங்காது. ஒரு நாள் நிறுத்தி வைங்க.”

“பத்திரமா இருக்கான்னு பாக்க வேணாம்ங்கறீங்களா?”

“பாக்குறதாலதான் சார் போகப்போகுது.”

“எழுத்துல குடுங்க. அடுத்த வாரம் கமிட்டி கூடுது.”

வெளியே பெஞ்சில் ஒரு பெண் ரசீதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போன வருடக் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அடுத்த வாரம்வரை அந்தப் படம் இருக்குமா என்று அவருக்கே தெரியாது. கமிட்டி மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை விடியலிலேயே வந்து, அன்று மருத்துவர்களுக்கு வேண்டிய படங்களை, அந்தப் பெண்ணுடையதையும் சேர்த்து, தனியாக எடுத்துக் கொடுத்தார். ஆறு மணிக்கு மீட்பைத் தொடங்கினார். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது நெட்வொர்க் வயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். இருபத்தாறு பிரிவுகளும் கதவைத் தட்டின. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. மதியம் இரண்டரைக்கு நூறு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வயரைச் செருகினார்.

சனிக்கிழமை இரண்டு தாள்கள் வந்தன. படங்களை விழிப்போடு காத்ததற்காக இருபத்தாறு பிரிவுகளுக்கும் பாராட்டு. அனுமதியின்றி வயரைப் பிடுங்கியதற்காக அவருக்கு மெமோ.

வீட்டில் மனைவி அதை வாங்கிப் படித்தாள். “கீழ ஏதோ பொடி எழுத்துல போட்டிருக்கே, பாத்தீங்களா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விளக்கத்தை மூன்று நகல்களில் தர வேண்டுமாம்.